ஒரு மீற்றருக்கு ஒரு கிலோமீற்றர்

எங்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்த ரீச்சரிடம் ஒரு பிள்ளை விடையைக் கொண்டுபோய்க் காட்டினால், அவர் சரி என்றும் சொல்லமாட்டார், பிழை என்றும் சொல்லமாட்டார். கொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "எனக்குத் தெரியாது, விட்டுப் பாப்பம்" என்பார். தண்ணீர்த் தொட்டியின் கனவளவு என்றால் பிள்ளைகள் வாளியால் ஊற்றிப் பார்க்கவேண்டும். மரத்தின் உயரம் என்றால் வெயிலில் போய் நின்று நிழலை அளக்கவேண்டும். அவருக்கு விடை தெரியும் என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். தெரிந்தும் சொல்லாத ஒருவரை முதல் மாதம் அவர்களுக்குப் பிடிக்கவே இல்லை. பிறகு பழகிவிட்டார்கள். பழகியது மட்டுமில்லை, என்னுடைய தமிழ்ப் பாடத்திலும் வந்து, "ரீச்சர், இது சரியெண்டு நீங்கள் சொல்லாதேங்கோ, நாங்கள் பாக்கிறம்" என்று சொல்லத் தொடங்கினார்கள். இலக்கணத்தில் அப்படி எதை விட்டுப் பார்ப்பது என்று எனக்கு விளங்கவில்லை.

துணுக்காய்ப் பக்கத்தில், ஒரு பெரிய குளத்தின் கட்டுக்குக் கீழே இருக்கிறது எங்கள் பாடசாலை. அவருடைய வகுப்பறைக்கும் என்னுடையதற்கும் நடுவில் அரைச்சுவர்தான். நான் இந்தப் பக்கம் செய்யுளுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்க, அந்தப் பக்கத்தில் பரப்பளவு பற்றிச் சண்டை நடக்கும். அவரைப் பற்றி நான் அறிந்ததில் பாதி அந்தச் சுவருக்கு மேலால் பார்த்தது. மீதி, இடைவேளையில் தேநீர் குடிக்கும்போது அவரே சொன்னது.

நாற்பதைத் தாண்டிய, மெலிந்த மனுசி. முக்காடு நழுவாமல் காதுக்குப் பக்கத்தில் சின்ன ஊசி ஒன்று குத்தியிருப்பார். பிள்ளைகளோடு நிலத்தில் குந்தியிருந்துவிட்டு எழும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு விரலால் அந்த ஊசியைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார். ஊர் முல்லைத்தீவுப் பக்கம். வாரநாட்களில் எங்கள் ஊரில் ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்கி, வெள்ளி பின்னேரம் மாங்குளம் வரைக்கும் ஸ்கூட்டியில் போய், அதைத் தெரிந்த கடையொன்றில் விட்டுவிட்டு பஸ் ஏறுவார். தேநீருக்குச் சீனி போடமாட்டார். யாராவது தெரியாமல் போட்டுக் கொடுத்தால் ஒன்றும் சொல்லாமல் குடித்துவிட்டு, "இது நல்லாத்தான் இருக்கு" என்பார். அடுத்த நாள் திரும்பவும் சீனி இல்லாமல்தான் கேட்பார்.

அவர் வந்து இரண்டாம் வருடம்தான் ரோபோக்கள் வந்தன. கனடாவில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் பாடசாலைக்கென்று நான்கு அனுப்பியிருந்தார். ரோபோ என்றதும் கையும் காலும் வைத்து ஒன்று வரும் என்று பிள்ளைகள் காத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தால், பாதித் தேங்காய் அளவில், இரண்டு சில்லு பூட்டிய பிளாஸ்டிக் சாமான். மடிக்கணினியில் கட்டளை எழுதி அனுப்பினால் போகும், திரும்பும், நிற்கும். அவ்வளவுதான். அதிபர் அவற்றைப் பெட்டியோடு தன்னுடைய அலுமாரியில் வைத்துப் பூட்டினார். அவர் நல்ல மனிதர். ஓட்டை விழுந்த கூரைகளைத் தானே ஏறி நின்று திருத்தியவர். பழுதாகிவிட்டால் அனுப்பினவருக்கு என்ன பதில் சொல்வது என்று பயந்தார், வேறொன்றுமில்லை.

எங்கள் ரீச்சர் அவரோடு வாதாடவில்லை. ஒவ்வொரு நாள் காலையிலும் அதிபரின் அறை வாசலில் போய் நின்று, "சேர், அலுமாரி சுகமா இருக்குதோ?" என்று கேட்பார். கேட்டுவிட்டு வகுப்புக்கு வந்துவிடுவார். அடுத்த கிழமை அதிபரே சிரித்துக்கொண்டு அலுமாரித் திறப்பைக் கொடுத்துவிட்டார்.

முதல் பாடம் எட்டாம் வகுப்புக்கு. நான் என் வகுப்புக்கு எழுத்துவேலை கொடுத்துவிட்டுச் சுவரடியில் நின்றேன். கரும்பலகைக்கு அடியில் ரோபோவை வைத்து, "இது வாசல் வரைக்கும் போகவேணும்" என்றார். பிள்ளைகள் நாடாவால் அளந்தார்கள். ஆறு மீற்றர். மடிக்கணினியில் ஆறு என்று அடித்து அனுப்பினார்கள். ரோபோ உறுமிக்கொண்டு புறப்பட்டு, ஒரு மீற்றரும் கொஞ்சமும் போய் நின்றுவிட்டது.

"ரீச்சர், இது பழுது," என்றான் நிரோஜன். வகுப்பில் எதற்கும் முதலில் வாய் திறப்பவன் அவன்தான்.

"பழுதோ? இன்னொருக்கா விட்டுப் பாப்பம்."

திரும்பவும் அதே இடத்தில் போய் நின்றது. வெண்கட்டியால் அந்த இடத்தில் கோடு போட்டார். மூன்றாம் தரமும் கோட்டிலேயே நின்றது.

"பழுதான சாமான் ஒவ்வொரு தரமும் ஒரே இடத்தில வந்து நிக்குமோ?"

ஒருவரும் பேசவில்லை. அவரும் பேசவில்லை. அவருக்கு அந்த அமைதி ஒரு சங்கடமாகவே இருப்பதில்லை. ஒரு பாடநேரம் முழுக்க அப்படி இரு என்றாலும் இருப்பார். கடைசியில், பின்வரிசை வாங்கில் இருந்த துளசி என்ற பிள்ளை எழும்பினாள். நெட்டையான, அதிகம் கதைக்காத பிள்ளை.

"ரீச்சர், நாங்கள் ஆறெண்டு குடுத்தனாங்கள். ஆறு என்னதெண்டு அதுக்குச் சொல்லேல்லையே."

"அப்ப அது எதை ஆறெண்டு நினைச்சிருக்கும்?"

அதற்குப் பிறகு வகுப்பு வகுப்பாக இருக்கவில்லை. எல்லோரும் நிலத்தில் படுத்துவிட்டார்கள். ஒருத்தி சில்லில் நூல் துண்டொன்றைக் கட்டினாள். விட்டுப் பார்த்தபோது நூல் ஆறு தரம் மேலே வந்து போனது. சில்லைச் சுற்றி நூலைப் பிடித்து அளந்தார்கள். ஏறத்தாழ இருபது சென்ரிமீற்றர். அப்படியானால் ஒரு மீற்றருக்கு ஐந்து சுற்று, வாசலுக்கு முப்பது. முப்பது கொடுத்தபோது ரோபோ வாசலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஏன் என்று திரும்பவும் சண்டை. நிலத்தில் கிடந்த மணலில் சில்லு சறுக்கியிருக்கும் என்று கண்டுபிடித்து, மணி அடித்த பிறகும் போகாமல் வகுப்பறையைக் கூட்டினார்கள். கூட்டச் சொல்லி நாங்கள் தொண்டை கிழியக் கத்தும் பிள்ளைகள்.

அன்றைக்குத் தேநீர் குடிக்கும்போது, இந்த அளக்கிற பைத்தியம் எங்கே பிடித்தது என்று பகிடியாகக் கேட்டேன். அவர் பகிடியாக எடுக்கவில்லை.

"எனக்கு ஏழு வயசில, தொண்ணூறில முஸ்லிம் ஆக்களை அனுப்பேக்க, நாங்கள் ஊரை விட்டுப் போனது. புத்தளத்தில முகாமில இருக்கேக்க நானும் நானாவும், அண்ணனும் தங்கச்சியுமா, ஒவ்வொரு நாளும் எங்கட வீட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பம். வளவு எவ்வளவு பெரிசு, கிணறு எவ்வளவு தூரம் எண்டு. கிணத்தடிக்குப் போய் வாறதெண்டா அரைநாள் வேணும் எண்டு நான் சொல்லுவன். நானா அதுக்கும் மேல சொல்லுவார். உம்மா சிரிப்பா. ஒருத்தருக்கும் போய்ப் பாக்க ஏலாதே, அதால எங்கட வளவு வருசா வருசம் பெருத்துக்கொண்டு போனது."

"பிறகு?"

"இருபது வருசத்துக்குப் பிறகு வந்தனாங்கள். எல்லாம் காடு. வெட்டித் துப்பரவாக்கிப் பாத்தா, வீட்டு அத்திவாரத்தில நிண்டு எட்டிப் பாக்கக் கிணறு தெரியுது. நானா அந்த இடத்தில நிண்டு அழுதார். வளவைக் களவு குடுத்தமாதிரி அழுதார். வளவை ஒருத்தரும் சின்னனாக்கேல்ல, நாங்கள்தான் வளந்திட்டம் எண்டு எனக்கு அப்பத்தான் விளங்கிச்சுது. அண்டைக்கு நாடா வாங்கினன்."

அவர் அதைச் சொல்லிவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அவரிடம் எனக்குப் பிடிக்காமல் போன ஒன்றையும் சொல்லவேண்டும். ஒருநாள் நிரோஜனின் குழு விறாந்தையில் ரோபோவை ஓட்டினார்கள். இடப்பக்கம் திரும்பவேண்டிய இடத்தில் வலப்பக்கம் என்று எழுதியிருந்தார்கள். அது படியை நோக்கிப் போகப்போகிறது என்பது மடிக்கணினியைப் பார்த்த அவருக்கு முன்பே தெரியும். எனக்கும் அது போகிற போக்கில் தெரிந்துவிட்டது. அவர் ஒரு கையை நீட்டியிருந்தால் பிடித்திருக்கலாம். நீட்டவில்லை. ரோபோ மூன்று படியிலும் உருண்டு விழுந்து, ஒரு சில்லு தனியாக முற்றத்தில் ஓடியது. நிரோஜன் முகம் வெளுத்து நின்றான்.

அதிபர் ஓடிவந்தார். "விழுமெண்டு தெரிஞ்சும் ஏன் ரீச்சர் பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்?"

"எனக்குத் தெரியும் சேர். அவையளுக்குத் தெரியாதே. இனித் தெரியும்."

"ஒரு வாய்ச்சொல்லில சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நான் சொன்னதெண்டு இருந்திருக்கும்."

பதில் அதிபருக்குத் திருப்தியில்லை. எனக்கும் இல்லை. அந்தப் பிள்ளை அன்று சாப்பிடவில்லை. பிறகு அவர்களே சில்லை ஒட்டி ரோபோவை ஓடவைத்தார்கள்தான், ஆனால் அது எப்போதும் ஒரு பக்கம் இழுத்தது. நேராகப் போகக்கூடியவை மூன்றுதான் மிஞ்சின.

அடுத்த தவணையில் அளவுத்திட்டம் படிப்பிக்கத் தொடங்கினார். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பக்கம், நாலு கணக்கு. அவருக்கு அது போதவில்லை. பிரதான மண்டபத்தைக் கழுவிக் காயவிட்டு, நிலத்தில் எங்கள் ஊரை வரையச் சொன்னார். நிலத்தில் ஒரு மீற்றர் என்றால் ஊரில் ஒரு கிலோமீற்றர். தெருக்களின் நீளத்துக்கு, அவருடைய ஸ்கூட்டியில் ஓடிய தூரம் காட்டும் மீற்றர். பின்னேரங்களில் ஒவ்வொரு குழுவிலும் ஒரு பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு தெருவாக ஓடினார். வளைவு வந்த இடமெல்லாம் நிறுத்தி, இலக்கம் குறித்து, திரும்பவும் ஓடினார். ஊர்ச்சனம் முதலில் ஏதோ காணிப் பிரச்சினை என்று நினைத்தது.

படம் முடிந்த அன்று வேறு வகுப்புப் பிள்ளைகளும் வந்து வாசலில் நெரிந்தார்கள். நடுவில் நீல வெண்கட்டியால் குளம். அது இவ்வளவு பெரிது என்று பெரியவர்கள் நாங்களும் நினைத்திருக்கவில்லை. பிள்ளைகள் தங்கள் தங்கள் வீட்டைத் தீப்பெட்டியால் வைத்தார்கள். பாடசாலைக்கு ஒரு சவர்க்காரப் பெட்டி.

துளசி தன்னுடைய தீப்பெட்டியைக் கொண்டுபோய்க் குளத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்தாள். அங்கே ஒரு சிறிய குடியேற்றம் இருக்கிறது. அவளுடைய அப்பப்பா காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வயல் செய்யத் தொடங்கிய குடும்பங்கள். ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான் அங்கே பள்ளிக்கூடம். எங்கள் குளக்கட்டில் ஏறி நின்றால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் அவர்களுடைய கூரைகள் தெரியும். ஆனால் கரையோரம் முழுக்கக் காடு, யானை தண்ணீர் குடிக்க வருகிற இடம். ஆகவே தெருவால் சுற்றித்தான் வரவேண்டும். வீட்டில் இருந்த ஒரே சைக்கிளில் தகப்பன் விடியவே வேலைக்குப் போய்விடுவார். துளசி நடந்து வந்தாள். அங்கிருந்து வந்த இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டார்கள்.

பாடசாலையில் ஏழரைக்குக் கேற் பூட்டப்படும். பிந்தி வருகிறவர்கள் முதல் பாடம் முடியும் வரைக்கும் வெளியே நிற்கவேண்டும். துளசி கிழமையில் இரண்டு மூன்று நாள் அங்கே நின்றாள். ரீச்சர் அதிபரிடம் இதைக் கதைக்கப் போனபோது நானும் அறையில் இருந்தேன்.

"கட்டில நிண்டு பாத்தா அவளின்ர வீட்டுக் கூரை தெரியுது," என்றார் அதிபர். "கூப்பிடு தூரம். மற்றப் பிள்ளையள் வந்து சேருதுகள். ஒருத்தருக்கு விட்டுக்குடுத்தா நாளைக்கு எல்லாரும் எட்டு மணிக்கு வருவினம்."

"கூப்பிடு தூரமில்ல சேர்."

"எவ்வளவாம்?"

"நான் சொல்லி நீங்கள் நம்பவேண்டாம். வெள்ளிக்கிழமை மண்டபத்துக்கு வாங்கோ. விட்டுப் பாப்பம்."

வெள்ளிக்கிழமை அதிபர் வந்தார். இரண்டு மூன்று ஆசிரியர்களும், நானும். மண்டபம் நிறையப் பிள்ளைகள். மூன்று ரோபோக்கள் மூன்று வீட்டில் நின்றன. ஒன்று சந்தையடியில் நிரோஜனின் வீடு. ஒன்று கோயிலடியில் இன்னொரு பிள்ளையின் வீடு. மூன்றாவது துளசியின் வீடு. ஒரு பிள்ளை நடக்கிற வேகத்துக்கு அவற்றைச் சரிபண்ணியிருக்கிறோம், இங்கே ஒரு செக்கன் போனால் அங்கே ஒரு நிமிடம் போனதாகக் கணக்கு என்று நிரோஜன் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினான். மூன்றும் ஒன்றாகப் புறப்பட்டன.

நிரோஜனுடையது உடனேயே வந்துவிட்டது. கோயிலடி ரோபோவும் கொஞ்ச நேரத்தில் சவர்க்காரப் பெட்டியில் முட்டி நின்றது. துளசியினுடையது அப்போதுதான் முதல் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. நீலக் குளத்தின் ஓரமாக அது தனியே ஊர்ந்துகொண்டிருந்தது. மண்டபத்தில் அதன் உறுமல் மட்டும்தான் கேட்டது. அதிபர் முதலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு கையை அவிழ்த்துவிட்டுக் குனிந்து அதையே பார்த்தார். கடைசி வளைவு திரும்பி அது பெட்டியில் வந்து முட்டியபோது முதலில் கை தட்டியவர் அவர்தான். உடனே மண்டபம் முழுக்கக் கை தட்டியது.

"நூறு செக்கன்," என்றார் அதிபர், தனக்குள் சொல்வதுபோல. "ஒரு மணித்தியாலமும் நாப்பது நிமிசமும்."

எல்லோருக்கும் சந்தோசம். ரீச்சரின் முகத்திலும் அன்று வெளிப்படையாகவே சந்தோசம் தெரிந்தது. நான் தற்செயலாகத்தான் துளசியைப் பார்த்தேன். அவள் பின்னலின் நுனியை விரலில் சுற்றிச் சுற்றி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

திங்கட்கிழமை துளசி வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. அந்தக் கிழமை முழுக்க வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். அடுத்த கிழமை, அவள் இனிப் படிக்க வரமாட்டாளாம் என்று அந்தப் பக்கம் பால் சேர்க்கப் போகிறவர் சொன்னார். அதைக் கேட்ட அன்று பாடசாலை விட்டதும் ரீச்சர் என்னிடம் வந்தார்.

"நீங்களும் வாறியளோ? நடந்துதான் போறன். ஸ்கூட்டி வேண்டாம்."

நடந்தோம். முதலில் தார், பிறகு கிரவல் மண்தெரு. பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. யானை முறித்துப் போட்ட கிளைகள் தெருவோரம் காய்ந்து கிடந்தன. நான்தான் வெயிலைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தேன். போய்ச் சேர்ந்தபோது எனக்குத் தொடையெல்லாம் நடுங்கியது.

துளசியின் தாய் முற்றத்தில் நெல்லுக் காயவிட்டிருந்தா. எங்களைக் கண்டதும் கதிரை இரண்டு கொண்டுவந்து வைத்தா. நாங்கள் இருந்த பிறகும் தான் இருக்கவில்லை.

"ரீச்சர், குறை நினைக்காதேங்கோ. பிள்ளை பிந்தி வந்தா நிப்பாட்டுறியள். அது பள்ளிக்கூடத்துச் சட்டம், நாங்கள் ஒண்டும் சொல்லேல்ல. ஆனா என்ர பிள்ளை எவ்வளவு தூரம் நடக்கிறாள் எண்டு ஊருக்குப் படம் காட்டவேணுமோ? எங்களிட்டச் சைக்கிள் இல்லையெண்டு எல்லாருக்கும் தெரியத்தான் வேணுமோ?"

ரீச்சர் கதிரையால் எழும்பினார். "பிள்ளையோட கதைக்கலாமோ?" என்று கேட்டார்.

தாய் உள்ளே பார்த்துக் கூப்பிட்டா. துளசி குசினி வாசலில் வந்து நின்றாள். அதற்கு மேல் வரவில்லை.

"துளசி, நான் உம்மட்டக் கேட்டிட்டு அதை விட்டிருக்கவேணும். கேக்கேல்ல. பிழை என்னிலதான்," என்றார் ரீச்சர்.

துளசி நெடுநேரம் பேசவில்லை. வேறு நாளென்றால் ரீச்சர் அந்த அமைதியில் சுகமாக இருந்திருப்பார். அன்று அவருடைய கை முக்காட்டு ஊசியையே தடவிக்கொண்டிருந்தது.

"நீங்கள் விட்டது பரவாயில்ல ரீச்சர்," என்றாள் துளசி கடைசியில். "கணக்குச் சரிதானே. நான்தானே எழுதினனான். ஆனா அது வந்து சேரேக்க எல்லாரும் கை தட்டினவை. அது ஒரு சாமான். ஒரு நாள்தான் வந்தது. நான் மூண்டாவது வருசமா வாறன். வந்து சேரேக்க என்னைக் கேற்றடியில நிப்பாட்டினவை."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாய் அந்தப் பக்கம் திரும்பி நெல்லைக் காலால் துழாவத் தொடங்கினா.

திரும்பி வரும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. நல்லவேளையாக உழவு மெசின் ஒன்று வந்தது. அதன் பின்பெட்டியில் ஏறிக்கொண்டோம். பாதி வழியில், சத்தத்துக்கு மேலால் அவர் சொன்னார்: "ரோபோ விழுந்தா சில்லுத்தான் உடையும். நான் சாமானையும் பிள்ளையையும் ஒண்டெண்டு நினைச்சிட்டன்."

அடுத்த நாள் காலை அதிபரின் அறையில், துளசி சொன்னதை அப்படியே, ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். வரவுப் பதிவில் கையெழுத்து வைக்கப் போன நான் பேனையோடு நின்றேன். அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"முதல் கை தட்டினது நான்தான் ரீச்சர்."

"ஓம் சேர்."

"உங்கட ரோபோவைப் பாத்து எனக்கு அண்டைக்குக் கண் கலங்கினது. வெளியில நிண்ட பிள்ளையைப் பாத்துக் கலங்கேல்ல."

ரீச்சர் அவருக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று எனக்குப் பட்டது. அன்றோடு கேற் பூட்டுவது நின்றது. அதிபர் பின்னேரம் தன்னுடைய மோட்டார்சைக்கிளில் அந்தத் தெருவால் போய், துளசியின் தாய் தகப்பனோடு கதைத்துவிட்டு வந்தார். என்ன கதைத்தார் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத் துளசி வந்தாள். பிந்தித்தான் வந்தாள். கேற்றடியில் கொஞ்சம் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்து தன் வாங்கில் இருந்தாள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரீச்சர் எல்லாப் பிள்ளைகளிடமும் முதலே சொல்லிவைத்திருக்கிறார் என்று பிறகு அறிந்தேன். அவர் ஒரு விசயத்தை முன்கூட்டியே சொல்லிவைத்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தரம்.

அவரிலும் ஒரு மாற்றம் வந்தது. ரோபோவை விடுவதற்கு முன்னால் அதை எழுதிய பிள்ளைக்குப் பக்கத்தில் குந்தி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் ஏதோ கேட்பார். பிள்ளை தலையாட்டினால்தான் விடுவார். தலையாட்டாவிட்டால் மடிக்கணினியை மூடிவிட்டு, "எழும்புங்கோ, வெளியில போய் மரத்தை அளப்பம்" என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விடுவார். எந்தப் பிள்ளை மறுத்தது என்று ஒருவருக்கும் தெரியாது.

குடியேற்றத்துப் பிள்ளைகள் நடக்காமல் வர அதிபர் ஒழுங்குபண்ணிய மினிபஸ் விசயம் இலேசில் முடியவில்லை. எங்கள் சந்தியிலிருந்து காலையில் கிளிநொச்சிக்குப் புறப்படும் மினிபஸ் அதிபரின் மைத்துனருடையது. அதைக் குடியேற்றத்திலிருந்து புறப்படச் செய்யவேண்டும் என்று அதிபர் கேட்க, தெரு சரியில்லை, பஸ்ஸின் வில்லு உடைந்துவிடும், அங்கே ஏறுவதற்கு ஆட்கள் இல்லை என்று மைத்துனர் ஒவ்வொரு காரணமாகச் சொன்னார். இரண்டு குடும்பத்துக்கும் இதனால் கதை நின்று, ஒரு பிள்ளையின் சாமத்தியவீட்டுச் சடங்குக்குப் போகாமலும் விட்டார்கள். கடைசியில் அதிபரின் மனைவிதான் தம்பியிடம் போய் அழுதோ ஏசியோ சம்மதிக்கவைத்தா. மாரி தொடங்குவதற்கு முன்னால் ஒரு திங்கட்கிழமை மினிபஸ் அந்தத் தெருவால் வரத் தொடங்கியது. மரக்கறி கொண்டுபோகிற பெண்கள் ஏறினார்கள், கிளினிக்குக்குப் போகிறவர்கள் ஏறினார்கள். ஏழாம் வகுப்போடு நின்றுபோன இரண்டு பேரில் ஒருத்தியும் ஏறினாள்.

ரீச்சர் அடுத்த வருடம் மாற்றம் கிடைத்து ஊருக்குப் பக்கத்தில் போய்விட்டார். உம்மாவுக்கு உடம்பு ஏலாமல் இருந்தது. இப்போதும் பெருநாளுக்கு நான் போன் எடுப்பேன், பொங்கலுக்கு அவர் எடுப்பார். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது ரோபோக்கள் இல்லை. அந்தத் திங்கட்கிழமைதான்.

அன்று ஆறரைக்குப் பிறகுதான் மினிபஸ் வரும் என்று தெரிந்தும், துளசி பழக்கத்தில் நாலு மணிக்கே எழும்பிவிட்டாளாம். ஏழு மணிக்குப் பாடசாலையில் இறங்கினால் யாருமே இல்லை. அவ்வளவு நேரத்தை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரிந்திருக்காது. நான் வந்தபோது எட்டாம் வகுப்பில் பின்வாங்கில் இருந்து, மேசையில் தலையை வைத்து நித்திரையாகியிருந்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தும், மணி அடித்தும், தேவாரம் பாடியும் அவள் எழும்பவில்லை. முதல் பாடம் கணிதம். ரீச்சர் உள்ளே வந்தார், பார்த்தார். எழுப்பப் போன பக்கத்துப் பிள்ளையைக் கையால் மறித்தார். மேசையில் எடுத்து வைத்த ரோபோவைச் சத்தம் போடும் என்று திரும்பப் பெட்டிக்குள் வைத்தார்.

அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் குரலைத் தணித்துக்கொண்டேன். அந்த நாற்பது நிமிடமும் அவர் ஒவ்வொரு வாங்காகப் போய்க் குனிந்து, இரகசியம் சொல்வதுபோலப் பின்னம் படிப்பித்தார்.